கோமாளியா, மாண்டரினா, நீல டாங்கா? வீவக வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு எது பொருந்தும்

சிங்கப்பூரில், உப்புநீர்த் தொட்டி வைப்பது என்று முடிவான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அடுத்த பேச்சு பெரும்பாலும் மூன்று மீன்களைச் சுற்றியே ஓடும். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். நீலத்தின்மேல் செம்மஞ்சளும் பச்சையும் சிக்குக் கோலமாக வளைந்தோடும் மாண்டரின். அடர்நீல உடலும் மஞ்சள் வாலுமாக நீல டாங். மூன்றும் பவளப்பாறை மீன்கள். கடைக்கு வரும் குட்டிகள் ஏறத்தாழ ஒரே அளவில், விரல் நீளத்துக்குள் இருக்கும். அதனால் மூன்றில் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது.

நிறத்தை ஒதுக்கிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட்ட பகல் 11 மணிக்கு அந்த மீன் என்ன செய்துகொண்டிருக்கும்? கோமாளி தன் மூலையில் ஆடிக்கொண்டு மாலைவரை காத்திருக்கும். மாண்டரின் பாறையில் சில நொடிகளுக்கு ஒருமுறை எதையாவது கொத்தியாக வேண்டும். கொத்த ஒன்றும் இல்லையென்றால் அதன் உடல் கரையத் தொடங்கும். நீல டாங் நீந்த இடம் தேடித் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

முடிவை முன்பே சொல்லிவிடலாம். முதல் தொட்டிக்குப் பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் கோமாளி. ஓராண்டு ஆனபின், அதே தொட்டியில், பண்ணையில் பிறந்த ஒரு மாண்டரின். நீல டாங்கை வீவக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இதற்கான காரணங்கள் அந்தந்த மீனின் உடலிலேயே இருக்கின்றன.

மீனுக்கு முன்னால் தண்ணீரும் வெப்பமும்

நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது. குளோரினைப் போல ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் அது போய்விடாது. ஆர்ஓ (எதிர்ச்சவ்வூடு பரவல்) சவ்வும் அயனி நீக்கும் பிசினும் சேர்ந்த வடிகட்டிதான் நல்ல வழி. அது இல்லாவிட்டால் குளோரமினை முறிக்கும் மருந்தாவது வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் கடலுப்புக் கலவை சேர்த்தால் அடர்த்தி எண் 1.025 வரும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். பை பையாகக் கடல்நீர் விற்கும் கடைகளும் உண்டு. அதை வாங்கினால் உப்பளவையும் அம்மோனியாவையும் சோதிக்காமல் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

குளிர்சாதனம் ஓடாத வீட்டில் பிற்பகலில் அறை 31 பாகையைத் தொடும். பம்பும் விளக்கும் அதன்மேல் இன்னும் ஒன்றிரண்டு பாகை ஏற்றும். தொட்டிக்கு வேண்டியது 25 முதல் 27. “நம் கடலே ஏறத்தாழ 29, 30 பாகை இருக்கிறதே, இந்த மீன்கள் அங்கே வாழவில்லையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மீன் 29 பாகையில் உடனே செத்துவிடாது. ஆனால் சூடான நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு, அதே வேளையில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அதிகம். ஒட்டுண்ணிகளும் வேகமாகப் பெருகும். பம்ப் ஒரு மணி நேரம் நின்றாலும் தாங்கும் இடைவெளி இருக்காது. கடலுக்கே இந்தச் சூடு சில ஆண்டுகளில் தாங்கவில்லை: 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பவளங்கள் வெளுத்தன.

விசிறியை நீர்மட்டத்தின்மேல் வைத்தால் ஆவியாதலால் சூடு தணியும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு பாகை குறைந்தாலே பெரிது. ஆவியான நீருக்கு ஈடாக உப்பில்லாத வடிகட்டிய நீரைத்தான் ஊற்ற வேண்டும். நீர்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. உப்புநீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் இரண்டு வாரத்தில் உப்பளவு எகிறிவிடும். 2 அடி, 3 அடித் தொட்டிகளுக்கு 1/10 குதிரைத்திறன் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) போதும். அது 150 முதல் 200 வாட் இழுத்து நாளுக்கு 10 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 45 முதல் 60 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று போட்டால் 13.50 முதல் 18 வெள்ளி. சில்லரைத் தொட்டிக்கு அடியிலுள்ள மூடிய அலமாரிக்குள் வைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அது வெளியே தள்ளும் சூட்டையே திரும்ப உள்ளே இழுத்து, நிற்காமல் ஓடி, விரைவில் பழுதாகும்.

பாறையும் மணலும் போட்டபின் நல்ல பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டும்வரை எந்த மீனும் வேண்டாம்.

கோமாளி: காத்திருக்கத் தெரிந்த மீன்

கடைகளில் அதிகம் கிடைப்பது ஆம்ஃபிபிரியான் ஒசெல்லாரிஸ். வளர்ந்தால் 8 சென்டிமீட்டர், மிஞ்சினால் 11. கிழக்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரை பரவியது, சிங்கப்பூரின் தென் தீவுகளிலும் வாழ்வது. நீர் வற்றும் நேரத்தில் நம் கரையோரப் பாறைத் திட்டுகளிலுள்ள, பூப்போன்ற கடல் விலங்கான பெரிய கடற்சாமந்திகளுக்குள் இதைப் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2014இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்காவில் எதையும் எடுப்பது குற்றம்.

கடலில் இது கடற்சாமந்தியின் கொட்டும் கைகளை விட்டு அதிக தூரம் போகாது. நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்னும். உணவு தானாக வரும், தானாக நிற்கும். இந்த வாழ்க்கைமுறைதான் வீட்டுத் தொட்டிக்கு இதைப் பொருத்தமாக்குகிறது. சிறிய இடம் போதும், வேளைக்கு உணவு போதும். 1 மில்லிமீட்டர் பெல்லட் (உருண்டைத் தீவனம்), காலையும் மாலையும், ஒரு நிமிடத்துக்குள் தின்று தீர்க்கும் அளவு. 80 லிட்டர் நீரில் ஒரு ஜோடி நிம்மதியாக வாழும். 120 லிட்டர் கொள்ளும் 2 அடித் தொட்டி இன்னும் நல்லது, ஏனென்றால் நீர் அதிகமாக இருந்தால் தவறுகள் மெதுவாகத்தான் பெரிதாகும்.

கடற்சாமந்தி தேவையா என்றால், தேவையில்லை. புதுத் தொட்டியில் அதை வைப்பது ஆபத்தும்கூட. அதற்கு வலுவான வெளிச்சமும் பல மாதம் பழுத்த நீரும் வேண்டும். இடம் பிடிக்கவில்லையென்றால் நகர்ந்து போய்ப் பம்பின் வாயில் சிக்கிச் சிதையும், ஒரே இரவில் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கும். கோமாளி அது இல்லாமலே ஒரு மென்பவளத்தையோ தொட்டியின் ஒரு மூலையையோ தன் வீடாக எடுத்துக்கொள்ளும்.

ஜோடி சேர்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கோமாளிகள் எல்லாமே பெண் உறுப்பு முதிராத நிலையில், முதலில் ஆணாக வளர்பவை. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்த பெரியது இனப்பெருக்கம் செய்யும் ஆண். மற்றவை தமக்கு மேலுள்ளதை முந்தாமல் தம் வளர்ச்சியையே அடக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாகும். பெண்ணான மீன் திரும்ப ஆணாகாது. ஆகவே 3 சென்டிமீட்டரில் ஒன்றும் நாலரை சென்டிமீட்டரில் ஒன்றுமாக இரண்டு குட்டிகள் வாங்குங்கள். சிறியது உடலை நடுக்கிக் காட்டிப் பணியும், சில நாளில் சமாதானம் ஆகிவிடும். துணை இறந்துபோன பெரிய மீனுக்கு அதே அளவில் இன்னொன்று வாங்கிப் போட்டால் இரண்டு பெண்கள் ஒரே தொட்டியில் மாட்டிக்கொள்ளும். ஒன்று சாகும்வரை சண்டை ஓயாது.

ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஜோடி முட்டையிடத் தொடங்கலாம். ஒரு பாறையைக் கடித்துச் சுத்தம் செய்து அதில் ஒட்டவைக்கும். ஆண் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். 27 பாகையில் ஏழெட்டு நாளில், விளக்கணைந்த பிறகு பொரியும். குஞ்சு பிறக்கும்போதே ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரைத் தின்னும் அளவுக்கு வாய் பெரியது. பண்ணைகளில் கோமாளி எளிதாகப் பெருகுவதும், மாண்டரினும் டாங்கும் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான். அவை இரண்டும் மிகச் சிறிய முட்டைகளை நீரில் மிதக்க விடுகின்றன. அவற்றின் குஞ்சுக்குக் கண்ணுக்கே தெரியாத உணவு வேண்டும்.

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் குடும்பங்களுக்குக் கோமாளியே ஏற்றது. தானியங்கி ஊட்டியில் பெல்லட் நிரப்பிவிட்டுப் போகலாம். நம் ஈரப்பதத்தில் பெல்லட் கட்டிபிடித்து வாயில் அடைத்துக்கொள்ளும் என்பதால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள். தொட்டிக்கு நேர் மேலே வைக்காமல் சற்றுத் தள்ளி, சிறு சரிவில் பெல்லட் வழுக்கி விழும்படி அமைத்தால் ஈரம் குறைவாக ஏறும்.

மாண்டரின்: நாள் முழுக்கப் பசிக்கிற அழகு

சிங்கிரோபஸ் ஸ்பிளெண்டிடஸ். 1927இல் ஆல்பர்ட் ஹெர் என்பவர் பிலிப்பீன்ஸ் மீனைக் கொண்டு அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். நீளம் 6 முதல் 8 சென்டிமீட்டர். ஜப்பானின் தென்தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை, அலை ஓய்ந்த ஆழமற்ற பாறைத் திட்டுகளிலும் உடைந்த பவளக் குவியல்களிலும் வாழ்கிறது.

இதன் நீலம் தனி ரகம். பெரும்பாலான மீன்களில் நாம் காணும் நீலம் சாயத்தால் வருவதில்லை, தோலிலுள்ள நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம். மாண்டரினின் தோலில் உண்மையான நீல நிறமி கொண்ட செல்களே இருக்கின்றன. முதுகெலும்புள்ள விலங்குகளில் இது மிக அரிது. செதில் கிடையாது. அதற்குப் பதில் கசப்பும் நாற்றமும் கொண்ட தடித்த கோழை உடலை மூடியிருக்கிறது. வேட்டையாடும் மீன்கள் இதைத் தொடாமல் விடுவதும், மற்ற மீன்களை வெள்ளைப்புள்ளி நோய் தாக்கும்போது இது ஓரளவு தப்புவதும் அந்தக் கோழையால். கன்னத்தில் முள் உண்டு. வலையில் பிடித்தால் முள் சிக்கித் தோல் கிழியும், ஆகவே டப்பாவில் முகந்துதான் இடம் மாற்ற வேண்டும்.

இத்தனை கவசமும் பசிக்கு முன்னால் நிற்காது. கடலில் இது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பாறையில் ஊரும் கோப்பிபாட் எனும் துளியூண்டு ஓட்டுயிரிகளையும், சிறு புழுக்களையும், மீன் முட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கொத்துகிறது. வாய் சிறியது, ஒரு கொத்தில் கிடைப்பதும் சிறிது. ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்று நாளைக் கடத்தும் பழக்கம் இதற்கு இல்லை. கடலில் பிடித்த மாண்டரினில் பல பெல்லட்டையோ உறைந்த உணவையோ உணவென்றே அறியாது. கண்முன் விழுந்தாலும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பாறைக்குத் திரும்பிவிடும். வாங்கி ஆறேழு வாரம் நன்றாக இருந்தது, திடீரென்று செத்துவிட்டது என்று சொல்வார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. அந்த ஆறேழு வாரமும் அது பட்டினி கிடந்திருக்கிறது.

கடலில் பிடித்ததை வைத்துக் காப்பாற்ற வேண்டுமென்றால் தேவைப்படுபவை இவை: 250 லிட்டருக்குக் குறையாத தொட்டி, 25 முதல் 30 கிலோ உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியேறிய பாறை), குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு பழுத்த நீர். தொட்டிக்கு அடியில் கீட்டோமார்ஃபா பாசி வளரும் ரெஃபியூஜியம் எனும் ஒரு தனித்தொட்டி வேண்டும். அதன் விளக்கு இரவில் எரியட்டும். மீன் எட்டாத அந்தப் பாசிக்குள் கோப்பிபாட் பெருகி மேலே வந்துகொண்டே இருக்கும். ஆறுகோட்டு ராஸ் போன்ற மீன்கள் இருக்கவே கூடாது, அதே இரையை மாண்டரினைவிட வேகமாகத் துடைத்துவிடும். இந்த ஏற்பாடு இல்லாமல் கடையில் ஒரு புட்டி கோப்பிபாட் வாங்கி ஊற்றினால் போதாதா என்றால், போதாது. குஞ்சு பொரித்துப் பெருகும் முன்பே அது தின்று முடிக்கப்படும்.

பண்ணையில் பிறந்த மாண்டரின் கதையே வேறு. 2010 வாக்கில் அமெரிக்காவில் விற்பனைக்கு வரத் தொடங்கியது. இன்று சில நிறுவனங்கள் தொடர்ந்து உற்பத்தி செய்கின்றன. குட்டியிலேயே உறைந்த உணவுக்கும் நுண் பெல்லட்டுக்கும் பழக்கப்பட்டு வருவதால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. விலை கூடுதல், அளவும் சிறியது, இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர். அந்தக் கூடுதல் விலையைக் கொடுங்கள். கடலில் பிடித்ததை மலிவாக வாங்கி மூன்று முறை சாகவிடுவதைவிட இது எல்லா வகையிலும் மேல். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா கடல்களில் அலங்கார மீன் பிடிக்க சயனைடு தெளிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. பண்ணை மீனில் அந்தச் சந்தேகம் இல்லை.

பழக்கப்பட்டு வந்தாலும் முதல் இரண்டு மாதம் நாளுக்கு மூன்று, நான்கு முறை ஊட்ட வேண்டும். பகலில் வீட்டில் தாத்தா, பாட்டியோ பணிப்பெண்ணோ இருந்தால் பொறுப்பை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். யாரும் இல்லாத வீடு என்றால் ரெஃபியூஜியம் இல்லாமல் பண்ணை மாண்டரினும் வேண்டாம்.

ஊட்டும் முறை எளிது. சிறிய வாய்கொண்ட கண்ணாடிக் குப்பியைப் பாறையோரம் சாய்த்து வையுங்கள். பம்பை நிறுத்துங்கள். முதலில் தொட்டியின் மறுமுனையில் கோமாளிகளுக்குப் பெல்லட் போடுங்கள். அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது நீண்ட குழாய் மாட்டிய ஊசியில்லாச் சிரிஞ்சால் மாண்டரின் உணவைக் குப்பிக்குள் மெல்ல விடுங்கள். நான்கைந்து நாளில் மீன் குப்பிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பம்பைப் போடுங்கள். பம்பைப் போட மறந்துபோவது நடக்கிற காரியம், கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க நாள்களுக்கு ஆர்ட்டீமியா எனும் உப்புநீர்ச் சிற்றிறாலின் உயிருள்ள குஞ்சைப்போல் வேறெதுவும் உதவாது. ஒரு லிட்டர் புட்டியில் 25 கிராம் உப்பு கரைத்து, அரைத் தேக்கரண்டி முட்டை போட்டு, காற்றுக்குழாயால் கொதிப்பதுபோல் கலக்கிக்கொண்டே வைத்தால் 28 பாகையில் 24 மணி நேரத்தில் பொரியும். குளிர்நாடுகளில் இதற்குச் சூடேற்றி வேண்டும். நமக்குச் சமையலறை மேசையே போதும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் அடியில் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அந்த இடத்திலிருந்து மட்டும் குழாயால் இறக்கி, மெல்லிய வலையில் அலசிக் கொடுங்கள். ஓடு மீனின் குடலை அடைக்கும். பொரித்த சில மணி நேரத்தில் குஞ்சு தன் மஞ்சட்கருச் சத்தைச் செலவழித்துவிடும், ஆகவே நேற்றுப் பொரித்தது இன்றைக்குப் பாதி உணவுதான்.

உடல்நிலையை மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகு உருண்டு இருக்க வேண்டும். இருபுறமும் குழிந்து நடுவில் வரம்புபோல் தெரிந்தால், பக்கவாட்டில் வயிறு உள்வாங்கியிருந்தால், மீன் பட்டினியில் இருக்கிறது. கடையில் அப்படி இருப்பதை இரக்கப்பட்டு வாங்கி வீட்டில் தேற்றுவது மிகக் கடினம்.

ஒரு தொட்டிக்கு ஒரு ஆண்தான். முதல் முதுகுத்துடுப்பில் முன்முள் கொடிபோல் நீண்டிருப்பது ஆண். இரண்டு ஆண்களில் ஒன்று சாகும். ஆணும் பெண்ணும் இணங்கிவிட்டால் மாலையில் விளக்கு மங்கும் நேரத்தில் வயிற்றோடு வயிறு ஒட்டி மெல்ல மேலெழும். உச்சியில் ஒரு கணம் நின்று முட்டையை விட்டுவிட்டுச் சட்டென்று கீழே பாயும். வரவேற்பறையில் உட்கார்ந்து அதைப் பார்க்கக் கிடைப்பது பெரும் பேறு. முட்டைகள் மிதந்து வடிகட்டிக்குள் போய்விடும், குஞ்சு வளர்க்கும் எண்ணத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நீல டாங்: சென்டிமீட்டரில் வாங்கி அடியில் வளர்ப்பது

பாராகாந்துரஸ் ஹெபாட்டஸ். அந்தப் பேரினத்தில் இது ஒன்றே. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சமோவா வரை வாழ்கிறது. கடையில் 4 சென்டிமீட்டர், முழு வளர்ச்சியில் 30, அதாவது பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் நீளம். குட்டியாகக் கிளைப்பவளத்தின் இடுக்கில் பதுங்கும், வளர்ந்ததும் பாறைக்கு மேலே ஓடும் நீரில் கூட்டமாக நீந்தி மிதவை உயிர்களைப் பிடிக்கும், பாசியும் மேயும்.

இதற்குக் குறைந்தது 6 அடித் தொட்டி வேண்டும். 180க்கு 60க்கு 60 சென்டிமீட்டர் தொட்டியில் 648 லிட்டர் பிடிக்கும். உப்புநீரின் எடை மட்டும் ஏறத்தாழ 664 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், தாங்கி, கீழ்த்தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். அந்தப் பாரத்தை அடுக்குமாடி வீட்டுத் தளத்தில் தகுதிபெற்ற பொறியாளரைக் கேட்காமல் இறக்குவது தவறு. “குட்டியாக இருக்கும்வரை 3 அடியில் வைத்திருந்து பிறகு மாற்றிக்கொள்கிறோம்” என்பவர்களில் மாற்றுபவர்கள் குறைவு. ஒடுங்கிய இடத்தில் வளரும் டாங் ஓயாமல் பதறும், தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழிவிழும், நிறம் மங்கும்.

வாலடியின் இருபுறமும் அறுவைக்கத்தி போன்ற முள் மடங்கி இருக்கிறது. பயந்தால் விரியும், கையைக் கிழிக்கும். பயத்தில் ஒருக்களித்துப் படுத்து இறந்ததுபோல் கிடக்கும் பழக்கமும் உண்டு. அதைப் பார்த்துப் பதறி வலையைப் போட்டால்தான் உண்மையில் காயம்படும். பாசிக்குச் சுஷி சுற்றும் உலர்ந்த நோரித் தாளைக் கவ்வியில் மாட்டித் தரலாம். பிள்ளைகள் கொறிக்கும் எண்ணெயும் உப்பும் தடவிய வகை கூடாது.

இதைச் சிறைநிலையில் முதன்முதலில் வளர்த்தெடுத்தது 2016இல், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல நீர்வளர்ப்பு ஆய்வகத்தில். குஞ்சு மீனாக உருமாறவே ஏறத்தாழ 50 நாள் பிடித்தது. கோமாளிக்குப் பத்து நாள் சொச்சம். ஆகவே கடைக்கு வரும் டாங் பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான்.

பிள்ளைக்கு அந்த நீலம்தான் வேண்டும் என்றால் மஞ்சள்வால் நீலத் தாம்சல் மீனைக் காட்டுங்கள். நீல உடல், மஞ்சள் வால், வளர்ச்சி 7 சென்டிமீட்டர், உணவு பெல்லட். தாம்சல்களில் சாதுவான வகை. 2 அடித் தொட்டிக்கு ஒன்று போதும், கோமாளிகள் இடம் பிடித்த பிறகு கடைசியாகச் சேருங்கள்.

நோய் வந்தால் மூன்றும் ஒன்றல்ல

தேர்வைத் தீர்மானிக்கும் இன்னொரு கணக்கு இது. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியான கிரிப்டோகாரியான் மீனின் தோலில் மூன்று முதல் ஏழு நாள் இருந்து, உதிர்ந்து, பாறையிலோ மணலிலோ கூடு கட்டிப் பல நூறாகப் பிரிந்து திரும்ப வரும். புள்ளி மறைந்ததைக் குணமென்று நம்பி விட்டுவிடுவதே பலரின் தவறு. நோயுற்ற மீனையும் புதுமீனையும் பிரித்து வைக்கும் தனிமைத் தொட்டியில் செம்பு மருந்தைச் சோதனைக்கருவியால் அளந்து, பிணைந்த (கீலேட்) வகையென்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராமில் 30 நாள் நிறுத்த வேண்டும். மீன் இல்லாத முதன்மைத் தொட்டியை 76 நாள் காலியாக விடுவது பாதுகாப்பான பழக்கம். செம்பை முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் நத்தையும் இறாலும் பவளமும் சாகும்.

கோமாளி இந்தச் சிகிச்சையைத் தாங்கும். டாங்குக்கு இந்த நோய் மற்ற மீன்களைவிட எளிதில் வரும், ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு சோதனை. மாண்டரினின் செதிலற்ற உடல் செம்பை எளிதில் தாங்காது. செம்பைத் தவிர்க்க 72 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுத் தொட்டிக்கு மாற்றும் முறை உண்டு. உதிர்ந்த கூடு பொரிப்பதற்குள் மீன் இடம் மாறிவிடுவதால் அது வேலை செய்கிறது. ஆனால் பாறையே இல்லாத வெறுந்தொட்டியில் கடல் மாண்டரின் தின்ன ஒன்றும் இல்லாமல் மெலியும். பெல்லட் தின்னும் பண்ணை மாண்டரினை மட்டுமே நம்பித் தனிமைப்படுத்த முடியும். கூடுதல் விலை கொடுக்க இதுவும் ஒரு காரணம்.

கோமாளிக்கென்றே ஒரு கொடிய நோய் உண்டு: புரூக்லினெல்லா. தோலிலிருந்து வெள்ளைக் கோழை படலமாக உரியும், மூச்சு இறைக்கும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். இதற்குச் செம்பு பயனில்லை, ஃபார்மலின் குளியல்தான் மருந்து. அது மனிதருக்கும் நஞ்சு, சன்னலைத் திறந்து, கையுறை போட்டுக் கையாள வேண்டும். கடலில் பிடித்த கோமாளிகளிடம்தான் இது அதிகம். பண்ணைக் குட்டிகளில் வெள்ளைப் பட்டை கோணலாகவோ பாதியில் நின்றோ இருப்பது சாதாரணம், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுவாக வீட்டுக்குள் வரும் இரண்டு ஆபத்துகள். பேட்டையில் கொசுமருந்துப் புகை அடிக்கும் நாளில் காற்றுப் பம்பும் நுரையால் அழுக்கை நீக்கும் ஸ்கிம்மரும் அந்தக் காற்றைத்தான் நீருக்குள் தள்ளும். சன்னலை மூடி, ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் நிறுத்தி, நீரோட்டப் பம்பை மட்டும் விட்டுவையுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீட்டிலும் தொட்டியைப் பூசை அறையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

வாங்கும் நாளில்

எந்த மீனானாலும் கடையில் உங்கள் கண்முன் தின்னச் சொல்லிப் பாருங்கள். தின்னவில்லையென்றால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் அங்கேயே விட்டுவைக்கக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் சம்மதிப்பார். அந்த ஒரு வாரத்தில் பல நோய்கள் வெளியே தெரிந்துவிடும்.

கடையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் என்றால் பையைக் கட்டியபடியே 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாகத் தொட்டிநீரைச் சேர்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்து பிரிக்காத பை என்றால் அப்படிச் செய்யவே கூடாது. நெடும்பயணத்தில் மீன் விட்ட மூச்சால் பைநீரின் பிஎச் இறங்கி, சேர்ந்த அம்மோனியா தீங்கற்ற வடிவில் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாக மாறும். அந்த நீரில் இன்னும் ஒரு மணி நேரம் மீனை வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது கொல்வதற்குச் சமம். முன்கூட்டியே பைநீரின் உப்பளவைக் கடையில் கேட்டு, தனிமைத் தொட்டியை அதே அளவுக்குத் தயார்செய்து, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் டப்பாவில் முகந்து உடனே விடுங்கள். பைநீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

தனிமைத் தொட்டி ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. 40 லிட்டர் கண்ணாடிப் பெட்டி, முதன்மைத் தொட்டியில் ஒரு மாதம் ஊறிய பஞ்சு வடிகட்டி, ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டு, மேலே மூடி. கோமாளியும் மாண்டரினும் குதித்து வெளியே விழுந்து காய்ந்துபோவதுண்டு, ஆகவே வலைமூடி இரண்டு தொட்டிக்கும் வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள். கடலில் விடுவது, நம் கடலில் வாழும் கோமாளியே ஆனாலும், 2020இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் செய்யக் கூடாதது. தொட்டியில் தொற்றிய நோயையும் அது சேர்த்தே கொண்டுபோகும்.

முதல் நாள் விளக்கை அணைத்தே வையுங்கள், உணவு வேண்டாம். மறுநாள் காலை கோமாளிக்கு ஒரு சிட்டிகை பெல்லட், மாண்டரினுக்கு அன்றைக்குப் பொரித்த ஆர்ட்டீமியா. அந்த ஆர்ட்டீமியா தயாராக இருக்க வேண்டுமென்றால் மீன் வாங்கக் கிளம்பும் நாள் காலையிலேயே முட்டையைப் புட்டியில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.